சமுத்திரம் தாண்டி வந்த காப்பு

காலையில் காப்பி போடலாம் என்று எழுந்து வந்து கூடத்து விளக்கைப் போட்டேன். திக்கென்றது. எங்கள் வீட்டு மர நாற்காலியில், முதுகுகூடச் சாயாமல், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

பக்கத்து அறையில் அவருக்காக நான் போட்டுவைத்த கட்டில் அப்படியே கிடந்தது. பாண்டிச்சேரியில் வாங்கி, யாராவது பெரிய மனுஷர் வந்தால் விரிக்கலாம் என்று பீரோவில் பூட்டிவைத்திருந்த பூப்போட்ட விரிப்பு. அதன்மேல் ஒரு கை பட்ட அடையாளம்கூட இல்லை.

"குட் மார்னிங்" என்றார் சிரித்த முகமாக. பிறகு நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டி, "சேர் குட். வெரி குட் சேர்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கடல் தாண்டி வந்த விருந்தாளி, நம் வீட்டுக் கட்டில் வேண்டாம் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? நம் படுக்கை அவருக்கு ஆகவில்லை என்றுதானே? சமையற்கட்டில் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகவே உருட்டினேன். அம்மா வந்து, "ஏண்டி காலங்காத்தால டம்ளரை உடைக்கிற?" என்று கேட்கும் அளவுக்கு.

அந்தக் கோபத்துக்காக நான் வெட்கப்பட ஒரு பகல்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால், ஒரு தீவுக்காரி திண்டிவனத்தில் என் வீட்டு நாற்காலிக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

நீல நிறக் கடிதம்

நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த இன்ஸ்டிடியூட்டின் கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறையக் கொட்டிவிட்டேன். அங்கே சுருக்கெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் தனம். செஞ்சி ரோட்டில், வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவளுடைய அப்பா கோவிந்தசாமி, அந்த ஊர் திரௌபதி அம்மன் கோவில் தர்மகர்த்தா.

ஒருநாள் அவளோடு அவரும் வந்தார். கையில் நீல நிற ஏர்மெயில் கடிதம். மொரீஷியஸ் தீவிலிருந்து வந்திருந்தது.

"டீச்சரம்மா, எங்க ஊர்ல இங்கிலீஷ் படிச்சவன் ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்றான். நீங்க படிங்க" என்றார்.

படித்தேன். எழுதியவர் பெயர் மரி ரோஸ். அவருடைய பாட்டனாருக்கு அப்பா தனத்தின் ஊரிலிருந்து போய்க் கப்பலேறி, தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவர். அவர் கரையிறங்கியபோது ஊர்ப் பெயரை எழுதிவைத்த காகிதம் அங்கே ஓர் ஆபீஸில் கிடைத்திருக்கிறது. மரி ரோஸுக்கு ஒரே மகன். மீன்பிடிக்கப் போனவன் புயலில் படகோடு காணாமல் போனான். வீட்டில் மெழுகுவர்த்தி கொளுத்தி அழ ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது இவர், 'பிள்ளை திரும்பினால், எங்கள் கொள்ளுத்தாத்தா புறப்பட்ட ஊரிலேயே வந்து அம்மன் தீயில் இறங்குகிறேன்' என்று வேண்டிக்கொண்டார். மூன்றாம் நாள் அவன் உதடு வெடித்து, உயிரோடு வந்து நின்றான். 'வரலாமா? என்னை விடுவீர்களா?' என்பதுதான் கடிதம்.

கோவிந்தசாமி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எழுதும்மா. தாராளமா வரட்டும். எங்க ஊட்டுலயே தங்கலாம். காப்பு கட்டினவங்கதான் தீ மிதிக்க முடியும். அதை மட்டும் கண்டிஷனா எழுதிடு."

அடித்தேன். மார்ஜின் பிசகாமல், ஓர் எழுத்துப்பிழை இல்லாமல், காப்பு என்றால் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறு என்று விளக்கம் வேறு சேர்த்து அடித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக ஒரு கடிதம் அடித்ததில்லை.

பெரிய தப்பு அதில்தான் இருந்தது. காப்பை எந்தக் கோவிலில் கட்ட வேண்டும் என்று கோவிந்தசாமி சொல்லவில்லை. அந்த ஊர்க்காரருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. நான் கேட்கவில்லை. நாங்கள் மாதா கோவில்காரர்கள், எனக்கு அதைக் கேட்கத் தெரியாது. அந்த அம்மாள் கடிதத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துவிட்டார். தன் தீவுக் கோவிலிலேயே காப்புக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

செஞ்சி ரோடு பஸ்ஸில் ஒரு ஆல்பம்

கடிதத்தில் இருந்தது இன்ஸ்டிடியூட் விலாசம் என்பதால் நேரே என்னிடம்தான் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நம் வயல்வெளியில் யாரையும் போல முகம். கவுன் போட்ட உடம்பு. கழுத்தில் சிலுவை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள். பார்க்கத்தான் பார்த்தேன். நானே விளக்கி அடித்த காப்பு அதுதான் என்று உறைக்காமல், ஏதோ மந்திரித்த கயிறு என்று விட்டுவிட்டேன்.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. மற்றதெல்லாம் அவர்கள் ஊர் கிரியோல். தமிழில் பேச்சு வராது; ஆனால் அம்மன் தாலாட்டு முழுசாகப் பாடுவார். அர்த்தம் கேட்டால் கையை விரிப்பார்.

மறுநாள் காலை, நாற்காலிக் கோபம் ஆறாமலே, தனத்தையும் சேர்த்துக்கொண்டு அவரை ஊருக்குக் கூட்டிப்போனேன். பஸ் கிளம்பியதும் பையிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்தார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

முதல் படத்தில் காவடிகள் வரிசையாகப் போகின்றன. பக்கத்தில் ஒரு சீனக் கடைக்காரர் தொட்டியில் எலுமிச்சைத் தண்ணீர் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். தைப்பூசத்துக்கு அங்கே சர்க்கார் லீவு என்று நான் மொழிபெயர்த்ததும் கூடைக்காரம்மா ஒருத்தி வாயில் கை வைத்தாள். "அடி ஆத்தே! நம்ம ஊர்லயே கெடையாதேம்மா!"

அடுத்த படம் பெருநாள். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் ஓர் அண்டா பிரியாணியோடு நிற்கிறது. அப்புறம் சீன வருஷப்பிறப்பு. தெரு முழுக்கச் சிவப்புப் பட்டாசுக் குப்பை, நடுவில் தாவணி மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு மரி ரோஸ். தீபாவளிக்குத் தட்டில் பலகாரம் வைத்து அத்தனை வீட்டுக்கும் அனுப்புகிற படம். கிறிஸ்துமஸ் குடில். தீமிதிக் குழியைச் சுற்றி ஆப்பிரிக்க முகமுள்ள நாலு பேர் மேளம் அடிக்கிறார்கள்.

"இவங்க யாரு?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"மை நெய்பர். தே லைக் அம்மா."

"நீங்க சர்ச்சுக்கும் போறீங்க, கோவிலுக்கும் போறீங்களா?"

"மார்னிங் சர்ச். ஆஃப்டர்நூன் கோவில்" என்றார், காலையில் இட்லி, மத்தியானம் சோறு என்பது போல.

எனக்குள் இருக்கும் ஞாயிறு வகுப்பு டீச்சர் விழித்துக்கொண்டாள். "ஃபாதர் திட்ட மாட்டாரா?"

"ஃபாதர்?" என்று யோசித்தார். "ஃபாதர் கம். ஈட்."

தனம் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நானும் சிரித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் எங்கள் தெருவும் பெரிதாக வேறு இல்லை. நோன்புக் கஞ்சி வராத ரம்ஜான் எங்கள் அம்மாவுக்கு ரம்ஜானே இல்லை. மாதா தேருக்கு அடிக்கிற அதே பேண்டு செட்டுதான் அம்மன் ஊர்வலத்துக்கும் அடிக்கும். ஒருமுறை தேர் நடுவழியில் வரும்போது பழக்கதோஷத்தில் அம்மன் பாட்டை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஃபாதர் தலையை ஆட்டி ரசித்துவிட்டு, அப்புறம்தான் முறைத்தார்.

"இது யார் கட்டினது?"

ஊருக்குள் நுழைந்ததும் வேப்பிலைத் தோரணம், பம்பை, உடுக்கை, ஒலிபெருக்கி என்று காதைப் பிளந்தது. அன்றைக்குத்தான் காப்புக் கட்டு. பத்தாம் நாள் தீமிதி. பெண்கள் மரி ரோஸைச் சூழ்ந்துகொண்டு கேப்பைக் கூழ் கொடுத்தார்கள். கவுனைத் தொட்டுப் பார்த்தார்கள். "மேரியம்மா" என்று பேரும் வைத்தாகிவிட்டது.

பூசாரி தட்டில் மஞ்சள் கயிறுகளோடு வந்தார். வரிசையில் நின்ற மரி ரோஸ் கையை நீட்டினார். பூசாரி கயிற்றை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரும்மா கட்டினது?"

நான் கேட்டுச் சொன்னேன். மரி ரோஸ் பெருமையாக மார்பைத் தொட்டு, "மை டெம்பிள். மை பூசாரி" என்றார்.

பம்பை நின்றது. பூசாரி தட்டை இறக்கிவைத்தார். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ஒரு குரல் கிளம்பியது. தர்மகர்த்தாவின் தம்பி முனுசாமி.

"அண்ணே, இன்னா இது? காப்பு கட்டினவன் எல்லை தாண்டக் கூடாதுன்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். இந்தம்மா சமுத்திரத்தையே தாண்டிக்கினு வந்து நிக்குது!"

"அவுத்துட்டு வேற கட்டிடலாம்" என்றார் யாரோ.

"நல்லா சொன்ன போ! தீ மிதிக்காம காப்பை அவுத்தா அது அதைவிடக் குத்தம்" என்றார் பூசாரி. ஒரு கையில் இரண்டு காப்பும் கூடாதாம். எல்லை தாண்டிய காப்போடு தீயில் இறங்கவும் கூடாதாம்.

மரி ரோஸ் என் தோளைத் தொட்டார். "டீச்சர், வாட்?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த முகம் சுண்டிப்போனது. இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், யாரோ அறுக்க வருகிற மாதிரி. "மை சன்" என்றார். "அம்மா கிவ் மை சன். ஐ ப்ராமிஸ்." அதற்குமேல் கிரியோலில் பேசினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்தார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. "தப்பு என்னுதுங்க. லெட்டர் அடிச்சது நான்தான். இங்க வந்துதான் காப்புக் கட்டணும்னு எழுதாம விட்டுட்டேன்" என்றேன்.

"சொல்லாம விட்டது நானு" என்றார் கோவிந்தசாமி.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஊரையே பேஜாரு பண்ணிட்டீங்க!" என்றார் முனுசாமி. அவரையும் குறை சொல்வதற்கில்லை, நிலக்கடலை போட்டு நஷ்டப்பட்டவர். "போன வருஷம் மல்லாட்டை அத்தினியும் காஞ்சி சருகாப் போச்சு. இந்த வருஷம் குத்தம் சேர்ந்து மழை தப்பிச்சின்னா யாரைப் போயிக் கேக்கறது? லெட்டரையா?"

நாற்காலியின் சாட்சி

அப்போதுதான் முனுசாமியின் மனைவி அஞ்சலை இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இரு, இரு. எல்லை தாண்டினா இன்னா? நம்ம தனம் வருஷா வருஷம் காப்பு கட்டிக்கினே தெனமும் திண்டிவனம் போயி வர்றா. ராத் தங்கக் கூடாது, அதான சட்டம்? டீச்சரம்மா, இவங்க வழியில எங்க ராத் தங்கினாங்கன்னு கேளுங்க."

எங்கே தங்கினார்? என் வீட்டில்தான்! என் கடிதம் போதாதென்று என் வீடும் சேர்ந்து இவரைக் கவிழ்க்கப் போகிறது. "நேத்து ராத்திரி... எங்க வீட்டுலதான்..." என்று இழுத்தேன்.

"பார்த்தியா!" என்றார் முனுசாமி.

சொல்லி முடித்த வாயோடு எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. வீங்கின கால். மடியில் பை. கை படாத பூப்போட்ட விரிப்பு.

"மேடம்" என்று அவர் பக்கம் திரும்பினேன். "ஒய் யூ நாட் ஸ்லீப் இன் மை பெட்?"

அவர் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, கையாலும் வாயாலும் சொன்னார். காப்புக் கட்டும்போது தீவுப் பூசாரி சொல்லி அனுப்பினாராம்: அம்மன் இடம் போய்ச் சேரும்வரை எந்த இடத்திலும் உடம்பைக் கிடத்தக் கூடாது. விமானத்தில் உட்கார்ந்து வந்தார். பம்பாய் ரயிலில் படுக்கை இருந்தும், அதை மடக்கிவிட்டு உட்கார்ந்தே வந்தார். மூன்றாம் ராத்திரி என் வீட்டில். "யுவர் பெட், பியூட்டிஃபுல்" என்றார். "ஸாரி, டீச்சர்."

நான் பாத்திரம் உருட்டின சத்தம் எனக்கே காதில் கேட்டது. பாவி நான்! கால் பிடித்துவிட வேண்டிய மனுஷிக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காப்பி கொடுத்திருக்கிறேன்.

கூட்டத்துக்குத் தமிழில் சொன்னேன். "மூணு ராத்திரிங்க. எங்கயும் படுக்கல. குந்தினபடியே வந்திருக்காங்க. காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு."

"யாரு பார்த்தது?" என்றார் முனுசாமி, ஆனால் முன்பிருந்த சூடு இல்லை.

"நான் பார்த்தேன்."

"திருவாமாத்தூர் வட்டப்பாறையில வந்து சொல்லுவீங்களா?"

அந்தப் பாறைமுன் பொய்ச் சத்தியம் செய்தவன் உயிரோடு வீடு திரும்பமாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் மதம், சாதி பார்க்காத நம்பிக்கை. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. "இப்பவே பஸ் ஏறலாம். நீங்களும் வாங்க. உங்க அம்மன் மேலயும் சத்தியம், எங்க மாதா மேலயும் சத்தியம். போதுமா?"

"போதும்மா, போதும்" என்று பூசாரி பதறினார். "படுக்காம வந்தா..." என்று தாடையைத் தேய்த்தார். "அதைத் தங்கினதுன்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா?"

"இதுல யோசிக்க இன்னா இருக்கு?" என்றாள் அஞ்சலை. புருஷன் பக்கம் திரும்பினாள். "முந்தா வருஷம் காப்பு கட்டிக்கினு கண்டாச்சிபுரத்துக்கு மாடு பாக்கப் போயி, கடேசி பஸ்ஸை உட்டுட்டு, விடிஞ்சி வந்து நின்னியே! அப்ப இன்னா சொன்ன? 'பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினேதான் இருந்தேன், படுக்கல, அதனால தங்கல'ன்னு நீதான சொன்ன? அப்பால தீயும் மிதிச்ச. ஏரி ரொம்பி வழிஞ்சிது அந்த வருஷந்தான? உனக்கு ஒரு சட்டம், மேரியம்மாவுக்கு ஒரு சட்டமா?"

ஊரே கொல்லென்று சிரித்தது. முனுசாமி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் ஒரு ராத்திரிதான் குந்தினேன்" என்றார் கடைசியில், மெதுவாக. "இந்தம்மா மூணு ராத்திரி குந்தியிருக்குது. பூசாரி, ஜல்தியா ஆவறதைப் பாருய்யா. நேரம் போவுது."

பூசாரி புதுக் கயிற்றை எடுக்கவில்லை. சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை மரி ரோஸின் பழைய காப்பின்மேல் ஊற்றினார். அதற்குக் குங்குமம் வைத்தார். "இதே காப்புதான். வந்து சேர்ந்துடுச்சி" என்றார். மரி ரோஸ் சிலுவைக் குறி போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். எனக்குள் இருந்த ஞாயிறு வகுப்பு டீச்சர் வாயைத் திறக்கவில்லை.

பம்பைக்காரருக்கு ஓர் உத்தரவு

தீ மிதித்தாரா என்று கேட்பீர்கள். மிதித்தார். பத்தாம் நாள் மஞ்சள் சேலை கட்டி, அஞ்சலைக்குப் பின்னால் இறங்கி, ஓடாமல் நடந்தார். மறுகரையில் ஏறியதும் மகன் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்த வருஷம் மழை பெய்ததா என்றும் கேட்பீர்கள். பெய்தது. மல்லாட்டை மூட்டையிலிருந்து ஒரு பை எனக்கும் வந்தது, முனுசாமி கொடுத்தனுப்பியதாகச் சொல்லி.

ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்குத் தீ ஞாபகம் வருவதில்லை. காப்புக் கட்டு முடிந்த அந்த மத்தியானம்தான் வருகிறது.

மரி ரோஸ் என் காதருகில் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், நவ் ஐ கேன்?" உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

பூசாரியிடம் கேட்டேன். அவர் கோவில் மண்டபத்தைக் காட்டினார். "இது அம்மன் இடம். அவங்க ஊரு. அவங்க எங்க வேணும்னாலும் படுக்கலாம்."

வெறும் கல் தரை. பாய் எடுத்துவருகிறேன் என்று தனம் ஓடினாள். அதுவரை அவர் காத்திருக்கவில்லை. கைப்பையைத் தலைக்கு வைத்தார். காப்புக் கட்டின கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு காலை நீட்டினார். ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், தூங்கிவிட்டார். அஞ்சலை வந்து பையை மெல்ல உருவிவிட்டு, ஒரு சேலையை மடித்துத் தலைக்கடியில் வைத்தாள். நான் வீங்கின கால்களை என் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பம்பை மறுபடி கிளம்பியது. மண்டபமே அதிர்ந்தது. முனுசாமி விடுவிடென்று பம்பைக்காரர்களிடம் போனார். ஐயோ, இன்னும் என்ன சண்டையோ என்று பயந்தேன்.

"யோவ், கொஞ்சம் அந்தாண்ட போயி அடிங்கய்யா" என்றார், தாழ்ந்த குரலில். "எங்க ஊர்ப் பொண்ணு. ரொம்பத் தூரம் போயிட்டு வந்திருக்குது. தூங்கட்டும்."